ஒதுக்கிய பணமும் ஒதுக்கப்பட்டோரும்

பணத்தை ஒதுக்கி வைத்தால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர். மனிதனை ஒதுக்கி வைத்தால் அதற்கு இழிவு என்று பெயர். ஒரே சொல் ஒரு பக்கம் கருணையாகவும் மறு பக்கம் கொடுமையாகவும் நிற்கின்றது. எவருக்கென்று பணம் ஒதுக்கப்பட்டதோ, அவரையே ஒதுக்கித் தள்ளுவதற்கு அப்பணம் பயன்பட்ட விந்தையும் உலகில் நடந்ததுண்டு. அது வேறெங்கோ நடந்ததன்று. நம் பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில், நம் பாட்டன் பூட்டன் நாளில், சட்டத்தின் பெயராலேயே நடந்தது. அந்த வரலாற்றை அறியாதார்க்கு இன்றைய நிதிகளின் போக்கும் விளங்காது.

இன்று அதனை ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கின்றது. சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் முதலிய ஊர்களைச் சுற்றியிருந்த பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புத் திடல்களாகவும் மாறிவிட்டன. லயங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போ நகரைச் சுற்றி மலிவு விலை வீடுகளில் வாழ்கின்றனர். அக்குடும்பங்களிலே செவி கேளாத பிள்ளை உண்டு. பார்வை குன்றிய பிள்ளை உண்டு. மற்றவரினும் மெதுவாகக் கற்கும் பிள்ளையும் உண்டு. அரசுப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பு அப்பிள்ளைக்குப் பத்தொன்பது வயது வரை இடந்தருகின்றது. பிறகு ஒரு நாள் பள்ளி வண்டி வருவது நின்றுவிடுகின்றது. மறுநாள் முதல் பிள்ளை வாசற்படியில் உட்காருகின்றான். தாய் வேலைக்குப் போவதா, பிள்ளைக்குக் காவலிருப்பதா என்று தடுமாறுகின்றாள். ‘எனக்குப் பின் இவனுக்கு யார்?’ என்பதே அவளுடைய அன்றாடக் கேள்வி.

அப்பிள்ளையைப் படிக்கும் காலத்திலேயே ஒரு தொழிலுக்குப் பழக்க வேண்டும். அவனுக்கேற்ற வேலையிடத்தைத் தேட வேண்டும். வேலையில் அமர்ந்த பின்னும் சில மாதங்கள் அருகே ஒருவர் நின்று பணியைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இவ்வூழியத்திற்குப் பணம் வேண்டும். அப்பணம் எங்கிருந்து வருவது? எவர் கையில் இருப்பது? எவருக்குக் கணக்குக் காட்டுவது? இம்மூன்று கேள்விகளுக்கும் நம் தோட்ட வரலாறு விடை வைத்திருக்கின்றது. அதனைத் திறந்து பார்ப்போம்.

தலைக்கட்டு நிதி

1877ஆம் ஆண்டில் பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்டு ஹியூ லோ, கோலகங்சாரில் சில ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒன்று பெருமரமாகி இன்றும் அவ்வூரில் நிற்கின்றது. மரம் எளிதில் வளர்ந்தது. மரத்தைச் சீவிப் பாலெடுக்க ஆள் வேண்டுமல்லவா? வடக்கே கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் முன்னமேயே ஒப்பந்தக் கூலிகளாக உழைத்துக்கொண்டிருந்தனர். ஒப்பந்தம் என்பது பெயரளவில்தான்; முன்பணக் கடன் என்னும் விலங்கு காலிலே பூட்டப்பட்டிருந்தது. கடன் தீருமுன் ஓடினால் சிறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியது. காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன. ஆள் பற்றாக்குறை தோட்ட முதலாளிமாரைக் கலக்கியது. ஒருவர் செலவு செய்து அழைத்துவந்த ஆளை மற்றொருவர் கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொண்டார்.

இந்தச் சண்டையைத் தீர்க்கவே 1907ஆம் ஆண்டில் ‘தமிழர் குடியேற்ற நிதி’ சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. பின்னாளில் இதற்கு ‘இந்தியர் குடியேற்ற நிதி’ என்று பெயர் மாறிற்று. இதன் அமைப்பு வியக்கத்தக்கது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தம்மிடம் அவர்கள் உழைத்த நாட்களைக் கணக்கிட்டு, மூன்று மாதத்திற்கு ஒரு முறை வரி செலுத்த வேண்டும். ஆளைத் தாமே அழைத்து வந்தாலும் வரி. பிறர் அழைத்துவந்த ஆளை வைத்திருந்தாலும் வரி. ஆகவே, ஒருவர் செலவில் மற்றொருவர் ஆதாயம் தேடும் வழி அடைபட்டது. அவ்வாறு சேர்ந்த பணம் சர்க்காரின் பொது வருவாயோடு கலவாமல் தனிக் கணக்கில் வைக்கப்பட்டது. அதிலிருந்தே கிராமத்திலிருந்து துறைமுகம் வரை இரயில் கட்டணமும், நாகப்பட்டினத்து முகாமிலும் சென்னையை அடுத்த ஆவடி முகாமிலும் உணவுச் செலவும், கப்பல் கட்டணமும் கொடுக்கப்பட்டன. வந்திறங்கும் தொழிலாளி பயணக் கடன் இல்லாதவனாக வந்தான். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டதற்கு இந்நிதி பெரிதும் வழிகோலிற்று.

உண்மையைச் சொல்ல அஞ்ச வேண்டியதில்லை. நிதி நிர்வாகம் என்ற அளவில் நோக்கினால் இஃது ஒரு நல்ல ஏற்பாடு. வருவாய் எவ்வழி என்பது தெளிவு. எவரும் தப்ப முடியாத வரி. தனிக் கணக்கு. நோக்கம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இன்று உலக நாடுகள் பல ஒதுக்கீட்டு நிதிகளுக்கு வகுக்கும் இலக்கணங்கள் பெரும்பாலும் அன்றே அங்கு இருந்தன. ஆனால் ஓர் இலக்கணம் மட்டும் இல்லை. அந்நிதியை ஆண்ட குழுவில் தொடக்கத்தில் இருந்தவர்கள் சர்க்கார் அதிகாரிகளும் தோட்ட முதலாளிமாருமே. எவன் உழைத்த நாட்களை எண்ணி எண்ணிப் பணம் சேர்த்தார்களோ, அவனுக்கு அங்கே நாற்காலி இல்லை, நாவும் இல்லை.

இரண்டு வாயில்கள்

நாவில்லாதவனுடைய பணம் எவ்விதம் செலவாகும் என்பதைக் காண, அந்நிதி கட்டிய இரண்டு வாயில்களையும் பார்க்க வேண்டும்.

முதல் வாயில் உள்ளே வரும் வாயில். நாகப்பட்டினத்து முகாமில் ஆள் சோதிக்கப்பட்டான். தோள் பார்த்தார்கள்; கை பார்த்தார்கள்; கண்ணும் பல்லும் பார்த்தார்கள். நொண்டி, குருடு, நோயாளி என்று கண்டவர்கள் கழிக்கப்பட்டனர். மாட்டுச் சந்தையில் நடப்பதும் இதுதான் என்று சொன்னால் எவருக்கும் கோபம் வர நியாயமில்லை. திடமான உடம்பு ஒன்றே அங்கே நுழைவுச் சீட்டு.

இரண்டாவது வாயில் வெளியே போகும் வாயில். உள்ளே திடமாக வந்த உடம்பு என்றும் திடமாக இருந்துவிடுமா? புதுக் காட்டை அழித்த இடங்களில் மலேரியாக் காய்ச்சல் கூட்டங்கூட்டமாக மனிதரை வாரிக்கொண்டு போயிற்று. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிற்று. பால் வெட்டும் கத்தி விரலைச் சீவிற்று. ரப்பர்த் தகட்டை அழுத்தும் உருளையில் கை சிக்கிற்று. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது எழுந்து வர முடியாதவன், கிராணியின் ஏட்டில் வரவில்லாத ஆளானான். நிதியின் சட்டம் அவனுக்கு என்ன வழி செய்தது? ஊருக்குத் திரும்பக் கப்பல் கட்டணம் கொடுத்தது. தளர்ந்து ஆதரவற்றுப் போன சிலருக்கு இல்லங்களில் இடங்கொடுத்தது. வேறு தொழில் கற்றுக் கொடுக்கவில்லை. ஒரு கையால் செய்யும் வேலை இது, உட்கார்ந்து செய்யும் வேலை அது என்று எவரும் தேடித் தரவில்லை. வேலை செய்ய முடிந்தால் தோட்டம், முடியாவிட்டால் கப்பல். அந்நிதிக்கு மூன்றாவது வாயில் கிடையாது.

ஊருக்குப் போக விரும்பியவர்களும் உண்டு. அவர்களுக்கு இலவசக் கப்பல் பயணம் ஓர் உதவியே. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் திரும்பிப் போனவனுக்கு ஊரில் என்ன இருந்தது? நிலம் இல்லாததால்தான் அவன் புறப்பட்டான். சாதியின் கீழ்ப்படியில் கிடந்தவன் பலரும் அச்சேரியிலிருந்தே வந்தவர். காலும் கையும் நன்றாயிருந்தபோது சோறு போடாத ஊர், அவை முறிந்த பின்பு மாலையிட்டு வரவேற்குமா? பேராக் மண்ணில் பத்தாண்டு, இருபதாண்டு இரத்தத்தைக் கொட்டியவனுக்குப் பேராக் கொடுத்த கடைசிக் கூலி கப்பல் சீட்டு ஒன்றுதான்.

1930ஆம் ஆண்டு உலகமெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. ரப்பர் விலை தரையில் விழுந்தது. அப்போது இவ்வாயில் அகலத் திறக்கப்பட்டது. 1930 முதல் 1932 வரையில் இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். முதலில் போக வேண்டியவர்கள் எவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விலை மறுபடி ஏறத் தொடங்கியதும் 1934இல் முதல் வாயில் மீண்டும் திறந்தது. புதிய திடமான உடம்புகள் மீண்டும் வந்தன. குழாயைத் திறப்பது போலவும் மூடுவது போலவும் மனிதரை வரவழைத்தும் வெளியேற்றியும் வந்த இம்முறையில், நிதி என்பது அக்குழாயின் திருகாணியாகவே பயன்பட்டது. சீனிவாச சாஸ்திரியார் 1936இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து சென்றார். கூலிக் குறைப்பை ஒட்டி எழுந்த வழக்கின் முடிவாக, 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தது. முதல் வாயில் அன்றோடு மூடிற்று.

அதன் பின் வந்தது போர். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு போகப்பட்டனர்; அவருள் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். பல்லாயிரவர் அங்கேயே மாண்டனர். மீண்டு வந்தவருள் காலில் புண் புரையோடிக் காலையே இழந்தவர்கள் இருந்தனர். காய்ச்சலால் உடல் நைந்தவர்கள் இருந்தனர். போருக்குப் பின் தோட்டங்கள் மறுபடியும் பாலெடுத்தன. அம்மனிதர்கள் லயத்துத் திண்ணைகளில் உட்கார்ந்திருந்தனர். இன்றைய இளைஞன் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் காட்சி நமக்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும்.

நோக்கம் போன பின் இருப்பு

1938க்குப் பின் ஆள் கொண்டுவரும் வேலை நின்றது. ஆனால் நிதியின் இருப்பு இருந்தது. நோக்கம் இறந்து பணம் மட்டும் உயிரோடிருக்கும்போது என்ன செய்வது? மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1958இல், அது ‘தென்னிந்தியத் தொழிலாளர் நிதி’ என்று புதிய சட்டத்தின் கீழ் மாற்றப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரின் நலமே இனி அதன் நோக்கம் என்றாயிற்று. நல்ல மாற்றம்தான். பணம் முதன்முறையாக உழைத்தவனுக்கென்று பெயர் பெற்றது.

அந்த நாற்பதாண்டுகளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அக்காலத்தில்தான் தோட்டத் துண்டாடல் நடந்தது. ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன; வாங்கியவர்கள் கூறு போட்டு விற்றனர்; தொழிலாளர் தெருவில் நின்றனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரிடமே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அஃது உறுப்பினரின் சொந்தப் பணம். கணக்குக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பொது நிதியோ அப்படியன்று. தென்னிந்தியத் தொழிலாளர் நிதி இன்னார் தொழிலாளருக்கு என்று பெயரளவில் இருந்தது. ‘இன்ன ஆண்டில் இன்ன வேலை நடக்க வேண்டும், இத்தனை பேர் பயனடைய வேண்டும்’ என்ற கட்டாயம் அதன் தலைமேல் இல்லை. தோட்டப் பள்ளியில் படித்த, கை கால் வழங்காத பிள்ளைக்குத் தொழில் கற்பிக்க இத்தனை பங்கு என்று எவரும் வரையறுக்கவில்லை. தோட்டத்தைவிட்டு மக்கள் நகரங்களுக்குச் சிதறச் சிதற, நிதி எவருக்கென்று இருந்ததோ அவரே கண்ணுக்குத் தெரியாதவராயினர்.

1999இல் அந்நிதி சட்டத்தால் கலைக்கப்பட்டது. அதன் சொத்துக்கள் அரசாங்கத்தைச் சேர்ந்தன. ‘அது எங்கள் முன்னோர் வியர்வையின் பணம், எங்கே போயிற்று?’ என்ற கேள்வி சமூக மேடைகளில் பிறகு பலமுறை எழுந்தது. அக்கேள்வி நியாயமானதே. ஆனால் அதனோடு மற்றொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பதே அறிவுடைமை: நிதி இருந்த தொண்ணூறு ஆண்டுகளில் நாம் எத்தனை முறை கணக்குக் கேட்டோம்? சவம் எடுத்த பின் அழுகின்ற வழக்கம் நமக்கு நிறைய உண்டு. உயிரோடிருக்கும்போது நாடி பார்க்கும் வழக்கமே இல்லை.

சந்தா கட்டியவனுக்கு உரிமை

இனி மற்றொரு நிதியைப் பார்ப்போம். வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி நட்ட ஈடு கொடுக்க வேண்டும் என்பதை 1952ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்திற்று. விரலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். கடனுக்கும் கலியாணத்திற்கும் அது கரைந்துபோகும். ஊனம் மட்டும் கரையாது. இக்குறையைப் போக்க 1969இல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1971இல் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. ‘சொக்சோ’ என்று நம் மக்கள் அழைப்பது இதனையே. முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் சந்தா செலுத்துகின்றனர். வேலையில் விபத்து நேர்ந்தால் அதற்கொரு திட்டம். நோயால் உழைக்கும் ஆற்றல் குன்றினால் அதற்கொரு திட்டம். மாதந்தோறும் ஓய்வூதியம் கிடைக்க வழி பிறந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகள் அந்நிறுவனமும் பெரும்பாலும் பணம் கொடுக்கும் நிறுவனமாகவே இருந்தது. 2007ஆம் ஆண்டில் ‘வேலைக்குத் திரும்புதல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அடிபட்டவரைத் தேடிச் செல்ல ஓர் அலுவலர். அவருடைய மருத்துவரோடும் முதலாளியோடும் பேசி, பழைய வேலைக்கோ மாற்று வேலைக்கோ அவரைத் திரும்ப நடத்திச் செல்வது அவர் கடமை. 1907ஆம் ஆண்டின் நிதி கட்டாமல் விட்ட மூன்றாவது வாயில் ஒரு நூறாண்டு கழித்து, 2007இல் திறந்தது என்று சொல்லலாம். 2014இல் மலாக்காவில் துன் அப்துல் ரசாக் பெயரால் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நம் ஈப்போவின் மேரு ராயாப் பகுதியிலும் அந்நிறுவனம் பெரியதொரு மறுவாழ்வு மையத்தை எழுப்பியிருக்கின்றது. எந்த மாநிலத்திலிருந்து முடமானவன் கப்பலேற்றப்பட்டானோ, அதே மாநிலத்திற்கு முடமானவர் நடை பழக வருகின்றனர். இதைக் கண்டு மகிழாதவர் மனிதர் அல்லர்.

ஆனால் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் நம் பத்தொன்பது வயது இளைஞன் இங்கே எங்கிருக்கின்றான்? அவன் இன்னும் ஒரு நாளும் வேலை செய்யவில்லை. ஆகவே ஒரு காசும் சந்தா செலுத்தவில்லை. வேலை தேடித் தருவதில் அந்நிறுவனம் மாற்றுத்திறனாளர்க்கும் உதவுகின்றது என்பது மெய்யே. ஆயினும் சட்டப்படி ‘எனக்கு உரியது’ என்று மார்தட்டிக் கேட்கும் பயன்கள் சந்தா செலுத்தியவர்க்கே. வேலை செய்து ஊனமுற்றவனுக்கு நிதி உண்டு. ஊனத்தோடு பிறந்து வேலை கேட்பவனுக்கு வேண்டுகோள் மட்டும் உண்டு. அன்று திடமில்லாதவன் நாகப்பட்டினத்து வாயிலில் கழிக்கப்பட்டான். இன்று பள்ளி வாயிலில் எவரும் கழிக்கவில்லை. வாயிலைத் தாண்டிய பின் அழைத்துச் செல்ல எவரும் நிற்கவில்லை.

சட்டம் பேசுவதும் பணம் பேசுவதும்

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்வது பொய்யாகும். மாற்றுத்திறனாளரை அமர்த்தும் முதலாளிக்கு அவர் சம்பளத்தை வருமான வரிக் கணக்கில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ள 1982இல் விதி வந்தது. பொதுச் சேவையில் நூற்றுக்கு ஒரு பங்கு வேலை அவர்க்கு வேண்டும் என்று 1988இல் சுற்றறிக்கை வந்தது. அவ்விலக்கு பல்லாண்டுகள் எட்டப்படவே இல்லை. 1999இல் பாங்கியில் தொழிற்பயிற்சி மறுவாழ்வு நிலையம் எழுந்தது. ஷா ஆலாம், இண்டாபுரா, மெர்போக் முதலிய இடங்களில் சிறப்புக் கல்வித் தொழிற்பள்ளிகள் உள்ளன. 2008இல் மாற்றுத்திறனாளர் சட்டம் வந்தது. வேலை பெறும் உரிமையை அது பேசிற்று. ஆனால் மறுப்பவனுக்கு இன்ன தண்டம் என்று சொல்லாமலே அது வந்தது. 2010இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. ஜப்பானின் ஒத்துழைப்போடு, வேலையிடத்தில் அருகிருந்து பழக்கும் வேலைப் பயிற்றுநர் முறையும் இந்நாட்டில் வேரூன்றிற்று. ஈப்போவிலே பார்வையற்றோர்க்கென்று கிந்தா பள்ளத்தாக்குப் பட்டறையைத் தொண்டு மனம் கொண்டோர் நிறுவினர்.

இவை எல்லாம் நல்லவை. ஆனால் இவற்றிற்குப் பணம் எவ்வழி? ஆண்டுதோறும் வரும் வரவு செலவுத் திட்டத்தின் கருணை ஒரு வழி. நன்கொடையாளரின் கருணை மற்றொரு வழி. கருணை மழையைப் போன்றது. பெய்தால் பயிர், பெய்யாவிட்டால் பஞ்சம். வாய்க்கால் வெட்டிய நாடுகள் எப்படிச் செய்தன என்பதை அறிய வேண்டாமா?

ஜப்பான் நாட்டில் 1976இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. முதலாளிகள் தம் ஆட்களுள் குறித்த வீதம் மாற்றுத்திறனாளரை அமர்த்த வேண்டும். தவறும் பெரிய முதலாளி, குறைந்த ஆள் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் தொகை செலுத்த வேண்டும். அப்படிச் சேரும் பணம், வீதத்திற்கு மேல் அமர்த்தியவர்க்கும், வேலையிடத்தை அவர்க்கேற்றபடி திருத்தியமைப்பவர்க்கும் போகின்றது. ஆளுக்கு இவ்வளவு என்று முதலாளியிடம் வரி வாங்கித் தனிக் கணக்கில் வைக்கும் இம்முறை நமக்குப் புதிதா? 1907இல் பேராக் தோட்டங்களில் நடந்ததும் அதுவே. கருவி ஒன்று, திசைதான் வேறு. அன்று அது திடமுள்ளவனை வரவழைத்துத் திடமிழந்தவனை வெளியேற்றிற்று. ஜப்பானில் அது ஒதுக்கப்பட்டவனை உள்ளே அழைக்கின்றது.

அமெரிக்க நாடு 2014இல் இயற்றிய சட்டம் இன்னும் நுட்பமானது. தொழில்வழி மறுவாழ்வுக்காக மாநிலங்களுக்கு நடுவண் அரசு கொடுக்கும் மானியத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைப் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்க்கென்றே கட்டாயம் ஒதுக்க வேண்டும். தொழில்களைப் பற்றி அறிவுறுத்தல், வேலையிடத்திலேயே கற்றல், மேற்படிப்புக்கு வழிகாட்டல், வேலைக்குரிய ஒழுக்கங்களைப் பழக்கல், தம் உரிமையைத் தாமே எடுத்துரைக்கக் கற்பித்தல் என ஐந்து பணிகளை அச்சட்டம் பெயர் சொல்லி வகுத்தது. அலுவலக நிர்வாகச் செலவை அப்பங்கில் எழுதக் கூடாது என்று கதவையும் அடைத்தது. அப்படியும் என்ன ஆயிற்று? மாநிலங்கள் பல, தொடக்க ஆண்டுகளில், அப்பங்கை முழுவதும் செலவிட இயலாமல் இடர்ப்பட்டன. பணம் இருந்தது, பள்ளிக்கும் மறுவாழ்வு அலுவலகத்திற்கும் பாலம் இல்லை, பயிற்றுநர் போதவில்லை. ஒதுக்குவது பாதி வேலை. சேர்ப்பதே மறு பாதி என்பதை அவர்கள் அனுபவம் காட்டிற்று.

வரலாறு விதிக்கும் விதிகள்

இவ்வளவும் கூறியதன் பயன் யாது? பேராக்கின் பழைய நிதியும், அயல்நாட்டுப் புதிய நிதியும் சேர்ந்து நமக்குச் சில விதிகளைக் கற்பிக்கின்றன.

முதலாவது, பங்கு சட்டத்திலே எழுதப்பட வேண்டும். பள்ளியைவிட்டு வெளியேறும் மாற்றுத்திறனாளி மாணவர்க்கு இத்தனை வீதம் என்று எழுதினாலொழிய, அப்பணம் மற்றத் தேவைகளின் அடியில் நசுங்கும். தேவைகள் என்றும் தீர்ந்ததில்லை. நசுங்குபவர் என்றும் குரலற்றவரே.

இரண்டாவது, கணக்குத் தனியாக இருக்க வேண்டும். அலுவலகச் செலவு அதனைத் தொடக்கூடாது. இவ்வளவில் 1907ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் செய்ததைக்கூட நாம் செய்யாவிட்டால் வெட்கம் நமக்கே.

மூன்றாவது, எவருக்காக நிதியோ அவர் அதன் குழுவில் அமர வேண்டும். தொழிலாளி அமராத நிதி, தொழிலாளியைக் கப்பலேற்றும் நிதியாயிற்று. செவி கேளாதவரும் பார்வையற்றவரும், பேச இயலாத பிள்ளையின் தாயும் அமராத குழு, அவர்களுக்கு எது தேவை என்று கனவில்தான் காண வேண்டும்.

நான்காவது, செலவிடாமல் வைத்திருப்பது சிக்கனமன்று. ஆண்டு முடிவில் ‘இவ்வளவு மிச்சம்’ என்று பெருமை பேசும் நிதியாளன், ‘இத்தனை பிள்ளைகளை வாசற்படியில் உட்கார வைத்தேன்’ என்று சொல்லுகிறவனே. ஆகவே கணக்கில் வெள்ளியும் காசும் மட்டும் போதா. எத்தனை மாணவர் வேலையிடத்தில் பழகினர், எத்தனை பேர் சம்பளம் வாங்கினர், ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் அவ்வேலையில் நிலைத்தனர் என்னும் கணக்கும் அதனருகே அச்சாக வேண்டும்.

ஐந்தாவது, நிதியின் நோக்கம் முடிந்தால், அல்லது நிதி கலைக்கப்பட்டால், எஞ்சிய பணம் எவருக்கு என்பதும் முதல் நாளிலேயே எழுதப்பட வேண்டும். 1999இல் எழுந்த கேள்விக்கு 1958இலேயே விடை எழுதியிருந்தால், இன்று மேடை தோறும் அங்கலாய்க்க வேண்டியதில்லை.

அரசாங்கத்தை நோக்கிச் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். நம்மை நோக்கியும் ஒரு சொல் உண்டு. ஊனம் முற்பிறவிப் பாவத்தின் பயன் என்று கூறும் வாய் நம்மிடையே இன்னும் மூடவில்லை. திருவிழாவிற்கு வெள்ளி பல இறைப்போம்; விருந்தினர் வந்தால் ஊனமுற்ற பிள்ளையைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்துவோம். கதவைச் சாத்துகிற சமூகம், நிதியின் கதவைத் திறக்கச் சொல்லி எப்படிக் கேட்கும்? பிள்ளைக்கு மாற்றுத்திறனாளர் அட்டை வாங்குவதற்கே வெட்கப்படும் வீடுகள் உண்டு. பதிவு செய்யாத பிள்ளை எந்தக் கணக்கிலும் வரான். பெரட்டுக் களத்தில் பெயர் இல்லாதவனுக்கு அன்றும் கூலி இல்லை. ஏட்டில் பெயர் இல்லாதவனுக்கு இன்றும் உரிமை இல்லை. ஆகவே முதல் சீர்திருத்தம் வீட்டுப் பின்னறையிலே தொடங்க வேண்டும்.

கோலகங்சாரில் நிற்கும் அம்மரத்தை ஈப்போப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் சென்று பார்க்கின்றனர். நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கும் அம்மரத்தைப் பேணி, வேலி கட்டிக் காக்கிறார்கள். பால் வற்றிய மரத்திற்கு இந்நாட்டில் இடம் இருக்கின்றது. அம்மரத்தின் இனத்தைச் சீவிச் சீவிக் கை தேய்ந்தவனுக்கு அன்று இடம் இருக்கவில்லை. அவனுடைய கொள்ளுப்பேரன் இன்று வாசற்படியில் உட்கார்ந்து, நின்றுபோன பள்ளி வண்டியை எதிர்நோக்கியிருக்கின்றான். அவன் கேட்பது கருணையன்று, கணக்கு. முன்னோன் உழைத்த ஒவ்வொரு நாளையும் எண்ணிப் பணம் சேர்க்கத் தெரிந்த நாட்டுக்கு, அவன் உழைக்கப்போகும் முதல் நாளுக்காக ஒரு பங்கை எண்ணி வைக்கத் தெரியாதா?